ஒரு கூடை ஆகாயத்தாமரை

பெட்டியை அங்க வைக்காத தம்பி, அது தண்ணி போற வழி. இப்படி வேப்பமரத்தாண்ட வை. சுவத்தோரமா வேணாம். சுவத்துல சாயவும் சாயாத. அது நான் நின்னு கட்டின சுவரு, வர்றவன் போறவன் சாயறதுக்குக் கட்டல.

தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கினு கொளத்தூருக்குள்ள எவன் நுழைஞ்சாலும் மீன் வாங்க வந்தவன்னு நாய்க்குக்கூடத் தெரியும். எந்த ஊரு? சேலமா. கடை வச்சிருக்கியா. சரி, எதுக்கு வந்தேன்னு நானே சொல்லட்டுமா? வெள்ளை உடம்பு. தலையில சிவப்புத் தொப்பி. வால் நுனியில மட்டும் மை தீட்டினாப்ல கறுப்பு. அந்த கோல்டு மீனுக்குத்தான வந்த? பாத்தியா, தலையை ஆட்டற. எவனோ போன்ல படம் புடிச்சுப் போட்டுட்டானாம், அதைப் பாத்துட்டு ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கினு வந்துடறீங்க.

இரு. வாயைத் தொறக்காத. "ஏகாம்பரம் அண்ணன்"னு ஆரம்பிப்ப. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறானுங்க. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு உச்சி மண்டையில ஏறுது. போன மாசம் ரெண்டு பேரு, அதுக்கு முன்னாடி திருச்சியிலேந்து ஒருத்தன். கேட்டையே தொறக்கல நான். தெரு முனை வரைக்கும் கேக்கற மாதிரி வசவு குடுத்து அனுப்பினேன். உன்னை உள்ள விட்டது, நீ குடிக்கத் தண்ணி கேட்ட. தண்ணி கேட்டவனைத் துரத்தக் கூடாது. குடிச்சியா? குடிச்சுட்டு அந்தக் கிரேட்டைக் கவுத்துப் போட்டு உக்காரு. நான் பேசி முடிச்சதும் நீ பேசு. எனக்கு நடுவுல பேசினா புடிக்காது.

அந்த மீனு என்னோடது.

ஏகாம்பரம் யாரு தெரியுமா? என் தம்பி. கூடப் பொறந்தவன். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவன். இந்நேரம் நான் பேசறதை அவன் கேட்டுக்கினுதான் இருப்பான். கேக்கட்டும். டேய், கேளு. ம், பதிலு வராது. வாயில கொழுக்கட்டை.

எங்கப்பா கட்டின தொட்டிங்க இது எல்லாம். இந்த ஏரியாவுல பாதிப் பேரு வீட்டுக்குப் பின்னாடி தொட்டி கட்டி மீன் வளக்கறாங்கன்னா அதுல எங்கப்பாவும் ஒரு ஆளு. என் வீட்டுக்காரரு போன பின்னாடி நான் இங்கயே வந்துட்டேன். அப்பா சாகும்போது பாதி எடம் எனக்கு, பாதி அவனுக்குன்னு எழுதி வச்சுட்டாரு. தம்பிக்காரன் இன்னா பண்ணியிருக்கணும்? சண்டை போட்டிருக்கணும். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு பாதி"ன்னு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டு, அங்கயே தீந்திருக்கும். அவன் ஒண்ணும் கேக்கல. பேசாம கையெழுத்துப் போட்டுட்டு, சைக்கிளை எடுத்துக்கினு போய் மீனுக்குப் புழு வாங்கிக்கினு வந்தான். எனக்கும் சேத்து வாங்கிக்கினு வந்தான். மனசுல எவ்வளவு வச்சிருந்தா ஒருத்தன் அப்படி இருப்பான், சொல்லு.

அதனாலதான் சுவரு. நான்தான் கட்டினேன். ஆனா கட்ட வச்சது அவனும் அவன் பொண்டாட்டியும்.

பாரு, அந்தப் பெரிய தொட்டிக்கு நடுவுலயே போவுது பாரு சுவரு. சரி பாதின்னா சரி பாதி. மேஸ்திரி வேணாம்னான். தொட்டியைப் பொளந்து சுவரு வச்ச வீடு நான் பாத்ததில்லம்மான்னான். நான் விடல. அப்புறம் அவன் ஒண்ணு சொன்னான், மழை பேஞ்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டமா ஏறணும், இல்லன்னா ஒரு பக்கம் கனம் தாங்காம சாஞ்சுடும்னு. அதுக்காக மேல் மட்டத்துல ஒரு ஓட்டை விட்டான். மீனு தாண்டாம இருக்க கம்பி வலை அடிச்சான். அந்த ஓட்டையிலதான் என் குடி கெட்டுது.

ஆகாயத்தாமரை இருக்கில்ல. முட்டைக்கோஸைப் பிரிச்சு வச்சாப்ல, தொட்டா வெல்வெட்டு மாதிரி. உன் கடையிலயும் கண்ணாடித் தொட்டிக்குப் போட்டு விப்ப. அதைக் கொண்டாந்தது இவன் பொண்டாட்டி, புஷ்பலதா. வில்லிவாக்கத்துக்காரி. எங்கயோ குட்டையில மெதந்துச்சாம், அழகா இருந்துச்சாம், பேசின்ல போட்டு வாசல்ல வச்சா. அழகுக்கு. மீன் வளக்கற வீட்டுல அழகுக்கு ஒரு செடியாம்.

அந்தச் செடியைப் பத்தி உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் சொல்றேன். அதுக்கு மண்ணு வேணாம். நட வேணாம். தண்ணி மேல விட்டுட்டா போதும். அடியில மசுரு மாதிரி வேரு தொங்கும், அவ்வளவுதான் அதுக்குப் புடிமானம். பக்கத்துல ஒரு கொடியை நீட்டும், கொடி முனையில ஒரு குட்டி. அந்தக் குட்டி இன்னொரு கொடியை நீட்டும். வெயிலும் மீன் அழுக்கும் இருந்தா ஒரு பேசின் ஒரு தொட்டியாவும், ஒரு தொட்டி ஊரு ஏரியாவும். மொத்தமா மூடிச்சுன்னா கீழ மீனுக்கு மூச்சு கிடைக்காது. விடிகாத்தால பாத்தா மீனு எல்லாம் மேல வந்து இலை இடுக்குல வாயை வாயைத் தொறக்கும். பாவமா இருக்கும். இடம் குடுத்தா மடத்தைப் புடுங்கற ஜாதி அது. கொண்டாந்தவளும் அந்த ஜாதிதான்.

நல்லது இல்லையான்னு கேக்காத. இருக்கு. இல்லன்னு நான் சொல்லல. அக்னி நட்சத்திரத்துல தண்ணி கொதிக்கும்போது அது நெழலு குடுக்கும். மீன் போடற அழுக்கை எல்லாம் வேரு உறிஞ்சிக்கும், பாசி புடிக்காது, தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும். உன் கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்லு, தொட்டிக்கு மேல மூடி போடக் கூடாது, மூடியிலேந்து சொட்டற தண்ணி இலை நடுவுல விழுந்தா அழுகிடும். மோட்டாரு தண்ணியை ரொம்ப ஆட்டினாலும் அதுக்கு ஆவாது. பாதித் தொட்டிக்கு மேல பரவ விடக் கூடாது. இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கேன். விரோதியைப் பத்தி முழுசா தெரிஞ்சு வச்சுக்கணும்.

போன ஐப்பசி. ஒரு வாரம் விடாம மழை. தொட்டி ரொம்பி, ஓட்டை மட்டத்துக்குத் தண்ணி ஏறிப்போச்சு. பெருசு எதுவும் வலையைத் தாண்டாது. குட்டிச் செடி, நாலணா அளவு இருக்கும், அது தாண்டும். காத்தாலே பாத்தா என் பக்கத்துல பத்து பதினஞ்சு மெதக்குது. எடுத்து சுவத்துக்கு மேல வீசினேன். மறுநாள் அதே அளவு. வீசினேன். புஷ்பலதா எட்டிப் பாத்து, "அண்ணி, மழையில தானா வந்துடுது, நான் இன்னா பண்ணட்டும்"ங்கறா. தானா வருதாம். தானா வர்றதுக்கு அதுக்கு இன்னா காலா மொளைச்சிருக்கு?

மீன் வளக்கறவங்க சங்கத்துல போய்ச் சொன்னேன். செக்ரட்டரி வந்து பாத்துட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே தண்ணிம்மா, செடிக்குச் சுவரு தெரியுமா"ன்னு சிரிச்சுட்டு, அவங்க வீட்டுல காப்பி குடிச்சுட்டுப் போனான். நம்ம வீட்டுலயும் டிகாஷன் போட்டு வச்சிருந்தேன். அதைக் கீழ ஊத்தினேன்.

கார்த்திகை வந்துச்சு. மழை விட்டு, தண்ணி குளுந்து போச்சு. அதுதான் கோல்டு முட்டை போடற நேரம், உனக்குத் தெரிஞ்சிருக்கும். என் ஜோடி அந்தப் பெரிய தொட்டியிலதான் இருந்துச்சு, என் பாதியில. அந்த ஜோடியைப் பத்திச் சொல்றேன் கேளு. ரெட் கேப் எல்லாரும் வளக்கறான். வால்ல கறுப்பு எவனுக்கும் நிக்காது. சின்னதுல வரும், வெயில் பட்டா வெளுத்துடும். எனக்கு நின்னுது. எத்தனையோ வருஷம் கழிச்சுக் கழிச்சு, கறுப்பு நிக்கற மீனை மட்டும் எடுத்து வச்சு, அதுங்களையே சேத்துச் சேத்து வந்த ஜோடி. எனக்குப் புள்ளைங்க இல்ல தம்பி. அதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல.

ஆண் மீனுக்குச் செவுள்ல உப்பு தூவினாப்ல வெள்ளைப் புள்ளி வந்துடுச்சு. பொட்டையைத் துரத்திக்கினே இருந்துச்சு. நான் வழக்கம்போல நைலான் நாரைக் கொத்தாக் கட்டித் தொங்க விட்டேன். அதுல முட்டையைப் போடும், நாரை எடுத்து வேற தொட்டியில போட்டுடுவேன், இல்லன்னா பெத்ததே தின்னுடும். மறுநாள் காத்தால பாக்கறேன், தண்ணியெல்லாம் நொரை. போட்ட அறிகுறி இருக்கு. நாரைத் தூக்கிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. ஒரு முட்டை இல்ல. தொட்டி ஓரம் முழுக்க அந்த எழவு செடி மட்டும், பச்சைப் பசேல்னு.

எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். எல்லாம் இந்தச் செடியாலன்னு தோணிடுச்சு. தொட்டியை அடைச்சுக்கினு, மீனுக்கு எடமே இல்லாமப் பண்ணி, போட்டதையும் தின்ன வச்சுடுச்சுன்னு. கூடையை எடுத்தேன். வழிச்சு வழிச்சுப் போட்டேன். ஒரு கூடை, ரொம்ப ரொம்ப.

நம்ம தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு, உனக்கும் தெரியும். ஒரு தொட்டிச் செடி இன்னொரு தொட்டிக்குப் போறதா இருந்தா உப்புத் தண்ணியில முக்கி, வேரை நல்லா அலசிட்டுத்தான் போவணும். நத்தை ஒட்டிக்கினு இருக்கும், மீன் பேன் இருக்கும். விரோதிக்குக் குடுத்தாலும் கழுவித்தான் குடுக்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் கழுவல. வேணும்னேதான் கழுவல. நத்தை போய்ச் சேரட்டும், பேன் போய்ப் புடுங்கட்டும்னு அப்படியே சுவத்துக்கு அந்தப் பக்கம் கவுத்தேன். அவங்க தொட்டியில சளப்புன்னு விழுந்துச்சு. அன்னைக்குத்தான் நல்லா சாப்பிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கற? சேலத்துல கடை வச்சிருக்கற, உனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. எனக்கும் பின்னாடி புரிஞ்சுது. நைலானும் வேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா மீனு எதுல போடும்? வேர்லதான் போடும். வேரைத் தூக்கிப் பாத்தியான்னு கேக்கற. கேக்கல, ஆனா மூஞ்சியில இருக்கு. கோவத்துல இருக்கறவ வேரைப் பாப்பாளா? அவங்க பாத்திருக்கணும். மடியில வந்து விழுந்ததை இன்னாதுன்னு பாக்கறவன்தான் மனுஷன். பாத்த உடனே, "அக்கா, இதுல முட்டை இருக்கு"ன்னு ஒரு குரல் குடுத்திருக்கணும். குடுத்தானா? இல்ல. வாயை மூடிக்கினு குஞ்சு பொரிச்சுக்கினான். அதுக்குப் பேரு இன்னா? திருட்டு. அவன் கூப்பிட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்னு அவனுக்குத் தெரியுமாம், அதனால கூப்பிடலையாம். யாரு சொன்னதா? புஷ்பலதா சொன்னா, சங்கத்துல. பேசாட்டி இன்னா, எழுதிப் போடறது.

அதோட விட்டுச்சா? நான் எவ்வளவு வழிச்சாலும் ஒரு துணுக்கு நிக்கும். ஒரு துணுக்கு போதும் அதுக்கு. நாலாம் நாளு மறுபடியும் தலை காட்டுச்சு. செடியைக் கொல்ல மயில்துத்தம் வாங்கிக்கினு வந்து தண்ணியில போட்டேன். கொஞ்சம் கூடப் போயிருக்கும். செடி கருகிடுச்சு. கருகி, அழுகி, தண்ணி ஒரு நாத்தம். அடுத்த நாள் காத்தால என் ஜோடி ரெண்டும் பக்கவாட்டுல சாஞ்சு மெதக்குது. ரெண்டும். ஆண் மீனுக்கு இன்னும் அந்த வெள்ளைப் புள்ளிகூடப் போகல.

அதுவும் அவங்களாலதான். செடி வரலன்னா நான் ஏன் துத்தம் போடப் போறேன்?

ரெண்டையும் அந்த வேப்பமரத்தடியிலதான் பொதைச்சேன். உன் பெட்டி இருக்கற எடம். பரவாயில்ல, இருக்கட்டும், எடுக்காத.

தை மாசம். பொங்கல் முடிஞ்சிருக்கும். காத்தால கேட்டுல ஒரு கவரு தொங்குது. தண்ணி ரொப்பி, ரப்பர் பேண்டு போட்டு, உள்ள சின்னச் சின்ன மீனுங்க. அழுக்குக் கலரு, குட்டைக் கெண்டை மாதிரி. அதுங்களுக்கு மேல ஒரே ஒரு ஆகாயத்தாமரை, சின்னது, மெதந்துக்கினு இருக்கு. புஷ்பலதா மாட்டிட்டு ஓடறதை நான் ஜன்னல் வழியா பாத்தேன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீயே சொல்லு. நான் வீசின செடியில ஒண்ணை எனக்கே திருப்பி அனுப்பறாங்க. கூடவே கழிச்ச மீனு. நம்ம தொழில்ல கழிச்ச குஞ்சை இன்னா பண்ணுவோம்? பெரிய மீனுக்கு இரை போடுவோம். இரைக்குப் போடறதை எடுத்து அக்கா வீட்டுக் கேட்டுல மாட்டறான்னா, நீ இதுக்குத்தான் லாயக்குன்னு சொல்றாப்ல. புண்ணுல கோலை வுட்டு ஆட்டறாப்ல. நான் கவரைப் பிரிச்சேன். அதோ, வாசல்படியாண்ட கண்ணாடித் தொட்டியில இருக்குதே ஆஸ்கார், சின்ன மீனை முழுங்கற பெரிய மீனு, அந்தத் தொட்டியில கொட்டினேன். செடியைக் கசக்கித் தெருவுல போட்டேன். ஆஸ்காருக்கு ரெண்டு நாள் தாங்கிச்சு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்.

கோல்டு குஞ்சுக்கு முதல்ல அழுக்குக் கலருதான் இருக்கும்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறியா? தெரியும். ஆயிரம் குஞ்சு பாத்தவ நான். ஒண்ணைக் கையில எடுத்து வாலை விரிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏன் பாக்கணும்? அவன் கேட்டுல மாட்டினதை நான் எதுக்குக் கையில எடுத்துப் பாக்கணும்?

வைகாசியில மாடியில துணி காயப் போட ஏறினேன். சும்மாதான் ஏறினேன். அவங்க பக்கம் நான் பாக்கறதில்ல. அன்னைக்குக் கண்ணு போச்சு. வெள்ளையா ஒரு கூட்டம் திரும்புது, தலையெல்லாம் சிவப்பு. திரும்பும்போது வால் நுனியில கறுப்பு. துணியை அப்படியே போட்டுட்டு எறங்கினேன். எப்படி எறங்கினேன்னு தெரியல. அவங்க கேட்டைப் புடிச்சு உலுக்கினேன். "திருடி, வெளிய வாடி"ன்னு கத்தினேன். தெருவே கூடிடுச்சு. புஷ்பலதா அழுவுறா. ஏகாம்பரம் வந்தான். கையில மீன் வலை. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துப் பேசறான் தெரியுமா. "எக்கா, பொழைச்சதுல பாதியை அப்பவே குடுத்து அனுப்பினேனே. செடியும் வச்சு அனுப்பினேனே, உனக்குப் புரியும்னு"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான்.

நான் பொய்ன்னு சொன்னேன். அத்தினி பேரு முன்னாடி வேற இன்னா சொல்லுவேன்? குடுத்தா வாயைத் தொறந்து சொல்லிக் குடுக்கணும். செடி வச்சு அனுப்பினானாம், எனக்குப் புரியுமாம். நான் இன்னா ஜோசியக்காரியா? அப்பறம் வீட்டுக்கு வந்தேன். ஆஸ்கார் கண்ணாடியாண்ட வந்து வாயைப் பொளக்குது, பசிக்குதுன்னு. அன்னைக்கு அதுக்கு நான் ஒண்ணும் போடல.

அதை வாங்கிக்கறேன்னு எத்தனையோ பேரு கேட்டாங்க. குடுக்கல. கொழுத்துப் போய்க் கெடக்கு. என் பரம்பரையே அது வயித்துல இருக்கு, அதை எவனுக்கு விக்கறது?

மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த ஓட்டையை அடைச்சேன். சிமெண்டு வச்சு, மேல ஜல்லி வச்சு. சுவரு சாஞ்சா சாயட்டும். இப்ப என் பாதியில தண்ணி மட்டும் நிக்குது. பாசி புடிச்சுக் கெடக்கு பாரு, பச்சை. அந்தச் செடி இருந்தப்ப இப்படிப் புடிக்காது. சொல்ல வந்தது அது இல்ல.

சொல்ல வந்தது இன்னான்னா. கிட்ட வா. சத்தம் போடாத.

நீ எப்படியும் அங்கதான் போவப் போற. போ. நான் தடுக்கல. உனக்கு வாங்கும்போது எனக்கு ஒரு ஜோடி சேத்து வாங்கு. எனக்குன்னு சொல்லாத. சேலத்துக்குன்னே சொல்லு. பொட்டை கொஞ்சம் வயிறு அகலமா இருக்கறதா பாரு. ஆணுக்கு வாலை விரிச்சுப் பாரு, கறுப்பு ஓரம் முழுக்க ஓடணும், நடுவுல விட்டுப் போயிருக்கக் கூடாது. வாங்கிக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போறாப்ல போய், பின் தெரு வழியா வந்து குடுத்துட்டுப் போ. எனக்கு அந்த மீனு வேணும் தம்பி. வேற ஒண்ணும் இல்ல. அவன்கிட்ட கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன். ஆனா வேணும்.

இன்னா முழிக்கற? இப்ப பேசு. நான் முடிச்சுட்டேன்.

இன்னாது?

அங்க போயிட்டுத்தான் வர்றியா.

குடுக்க மாட்டேன்னுட்டானா? ஏன், பெட்டி கொண்டாந்தவனுக்கு இல்லன்னு சொல்றான், அவ்வளவு ஏத்தமா? இரு, சரியாச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு.

"அது எங்கக்கா மீனு. அவங்ககிட்ட கேட்டுட்டு வா. அவங்க குடுன்னா குடுக்கறேன்."

அப்படியா சொன்னான்.

எங்கக்கான்னு சொன்னானா, இல்ல பக்கத்து வீட்டுலன்னு சொன்னானா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

ம்.

அப்ப போன மாசம் வந்த ரெண்டு பேரு. அந்தத் திருச்சிக்காரன். அவனுங்களையும் இதுக்குத்தான் அனுப்பியிருக்கானா? என்னைக் கேட்டுக்கினு வரச் சொல்லி? வந்தவனுங்க வாயில இன்னா இருந்துச்சு, சொல்ல வேண்டியதுதான? நான் விடலையா. நான் விடலன்னா, சத்தமா சொல்ல வேண்டியதுதான. அப்ப இதுவரைக்கும் ஒண்ணுகூட விக்கலையா அவன்? இரையைப் போட்டு, தண்ணியை மாத்தி, வச்சிருக்கான். பாரேன் திமிரை. விக்காம வச்சுக்கினு, ஊரான் எல்லாரையும் என் வீட்டு வாசலுக்கு அனுப்பி, என்னைக் கெட்டவளா நிக்க வைக்கறான்.

இரு, எங்க எழுந்திருக்கற? நான் இன்னும் சொல்லல.

அதுங்க எப்படி இருக்குது? பெருசா இருக்கா? கறுப்பு? ஓரம் முழுக்கவா? செவுளைப் பாத்தியா, வெள்ளைப் புள்ளி வந்துடுச்சா? வந்துடுச்சா. துரத்துதா. அப்ப இன்னும் ரெண்டு மூணு நாளு. மழை வேற வரப் போவுது. தொட்டியில இன்னா போட்டு வச்சிருக்கான், நைலானா, செடியா? செடிதானா. பாதித் தொட்டிக்கு மேல விட வேணாம்னு சொல்லு, மூச்சு முட்டும்.

அங்கதான போற? போய்ச் சொல்லு. மீனைக் குடுக்கக் கூடாது. உனக்கும் கூடாது, எவனுக்கும் கூடாது, இந்த மழை முடியற வரைக்கும் ஒரு மீனு வெளிய போகக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்கன்னு சொல்லு. கோச்சுக்காத, தைக்கு வா, உனக்கு ஒரு ஜோடி நானே எடுத்து வைக்கறேன்.

அப்புறம் இதையும் சொல்லு. நான் கேக்கறேன்னு நெனைக்க வேணாம். நான் எவன்கிட்டயும் எதையும் கேக்கறவ இல்ல. போன வருஷம் நான் அந்தப் பக்கம் போட்டது ஒரு கூடை ஆகாயத்தாமரை. அது என் கூடை, என் தொட்டியிலேந்து போனது. அதே ஒரு கூடையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. இப்ப வேணாம், மீனு துரத்தி முடிக்கட்டும். சுவத்துக்கு மேல வீச வேணாம், கேட்டு வழியா எடுத்துக்கினு வரச் சொல்லு. அவனையே வரச் சொல்லு, அவளை அனுப்பக் கூடாது. சரி, அவ வந்தாலும் பரவாயில்ல.

வேரை மட்டும் கழுவக் கூடாதுன்னு சொல்லு.